பெரிய பைக்கை வண்டியில் ஏற்றினால் என்ன குறைச்சல்?

"ரைடர்னா ஓட்டிக்கிட்டுப் போகணும். குட்டி யானையில ஏத்திக்கிட்டுப் போறவனெல்லாம் ரைடரா?" ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை ஈசிஆர் டீக்கடை எதிலாவது பத்து நிமிடம் நின்றால் போதும், இந்த வசனம் காதில் விழுந்துவிடும். குட்டி யானை என்றால் டாடா ஏஸ், சின்ன சரக்கு வண்டி. சொல்கிறவர்களில் பாதிப் பேர் மகாபலிபுரத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அது வேறு விஷயம்.

எனக்கு இந்த நக்கல் புரிவதே இல்லை. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குப் போகிற பைக்கை நினைத்துப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றியிருப்பார்கள், லைட்டுக்கு டேப் ஒட்டியிருப்பார்கள், சில வண்டியில் நம்பர் பிளேட்டே இருக்காது. அதைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு போக முடியுமா? போகும்போது எப்படியோ போனாலும், நாள் முழுக்க வெயிலில் லெதர் சூட்டுக்குள் வெந்துவிட்டு, சாயங்காலம் லாரிகளுக்கு நடுவே திரும்பி வர வேண்டும். ட்ராக்கில் ஒருமுறை சறுக்கி பிரேக் லீவர் உடைந்தால் அதுவும் கிடையாது. இன்னொன்று, ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஃபேக்டரியிலிருந்து வெளியே வருகிற புத்தம்புது பைக்கெல்லாம் ஷோரூமுக்கு லாரியில்தான் போகிறது. அதை யாரும் கேலி செய்வதில்லை.

ஆகவே ஏற்றிக்கொண்டு போவது சரிதான். நண்பர்கள் இருவர் சேர்ந்து இரண்டு பைக்கை ஒரே வண்டியில் ஏற்றினால் வாடகையும் பாதி, பிடிக்க ஒரு ஆளும் கூட. என் சண்டை வேறு இடத்தில். "மூடின பாடி வண்டி பிடிச்சாச்சு, இனி கவலையில்ல" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான்.

முதலில் அளவு. வெளிநாட்டு வீடியோவில் காருக்குப் பின்னால் பெட்டி மாதிரி ட்ரெய்லரை இழுத்துப் போவதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. நம் சட்டத்தில் ட்ரெய்லரும் ஒரு வண்டி, அதற்குத் தனிப் பதிவு வேண்டும். அப்புறம் அதை எங்கே நிறுத்துவது? சென்னைத் தெருவில் காரை நிறுத்தவே பக்கத்து வீட்டுக்காரரோடு பஞ்சாயத்து. அதனால் நமக்கு வாய்த்தது மூடின பாடி வைத்த சின்ன சரக்கு வண்டிதான். அதிலும் குட்டி யானை சரிப்படாது. எடை பிரச்சினை இல்லை. ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியர் 650 பைக் ஒன்று 241 கிலோ, இரண்டு சேர்ந்தாலும் ஐந்நூறைத் தொடாது. நீளம்தான் உதைக்கும். பைக்கின் நீளம் 2,260 மில்லிமீட்டர், குட்டி யானையின் தளம் சுமார் 2,200. பின்கதவே மூடாது. ஹேண்டில் அகலமும் 890. இரண்டு பைக்கையும் ஒரே பக்கம் பார்த்து நிறுத்தினால் ஹேண்டிலும் ஹேண்டிலும் முட்டிக்கொள்ளும். ஒன்று முன்னால் பார்த்து, இன்னொன்று பின்னால் பார்த்து நின்றால் ஒன்றின் ஹேண்டில் மற்றதன் வால் பக்கம் வந்துவிடும். ஐந்தரை அடி அகலமும் எட்டு, ஒன்பது அடி நீளமும் உள்ள பிக்கப் இதற்குத் தாராளம்.

இனி கட்டுவது. திறந்த வண்டியில் பைக் சாய்ந்தால் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிடுவார், இல்லையென்றால் பின்னால் வருகிறவனாவது ஹார்ன் அடித்துச் சொல்வான். மூடின பெட்டிக்குள் சாய்ந்தால், போய்ச் சேர்ந்து கதவைத் திறக்கும்போதுதான் தெரியும். அதுவும் இரண்டு பைக் இருந்தால் ஒன்று விழும்போது மற்றதையும் கூட்டிக்கொண்டுதான் விழும். என் நண்பன் ஒருவனுக்கு அப்படித்தான் நடந்தது. ஏற்ற வந்தவர்கள் சைடு ஸ்டாண்ட் போட்டு, தேங்காய் நார்க்கயிற்றால் ஹேண்டிலை இழுத்துக் கட்டி, "ஒண்ணும் ஆகாது சார்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். இறக்கும்போது ஒரு டேங்கில் மற்ற பைக்கின் ஃபுட்ரெஸ்ட் பதிந்திருந்தது.

சைடு ஸ்டாண்டை மடக்கிவிட வேண்டும். கட்டின பைக் தன் இரண்டு டயரில் நேராக நிற்கணும். முன்சக்கரம் ஒரு தாங்கியில் பொருந்தி நிற்கட்டும், முன்னால் பார்த்து நிற்கிற பைக்குக்கு அது பெட்டியின் சுவரை ஒட்டி இருக்கட்டும். கயிறு வேண்டாம், ராட்செட் பெல்ட் (பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குகிற நாடா) வேண்டும், ஒரு பைக்குக்கு நான்கு. முன்பக்கப் பெல்ட்டை ஹேண்டில் நுனியில் மாட்டக் கூடாது. இரண்டு ஃபோர்க்கையும் (முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள்) சேர்த்துப் பிடித்திருக்கும் கீழ் கிளாம்பில் துணிப்பட்டை ஒன்றைச் சுற்றி, அதில் கொக்கியை மாட்டி, முன்னாலும் பக்கவாட்டிலுமாகக் கோணலாக இழுக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். முன் ஷாக் பாதி அளவு அமுங்கும்வரை. லூசாக விட்டால், வேகத்தடையில் வண்டி எகிறி இறங்கும்போது ஷாக் அமுங்கும், பெல்ட் தொளதொளக்கும், கொக்கி கழன்றுவிடும். ஒரேயடியாக முழுசாக அமுக்கினாலோ பாவம், ஷாக்கில் ஆயில் கசியாமல் காக்கிற சீல் கெட்டுப்போகும். பின்னால் இரண்டு பெல்ட், வால் அங்குமிங்கும் ஆடாமல் இருக்க மட்டும். பெல்ட் உரசுகிற இடத்திலெல்லாம் பழைய துணி, இரண்டு பைக்குக்கும் நடுவே ஒரு தடிமனான போர்வை.

கிளம்பி அரை மணி நேரத்தில் ஓரங்கட்டி ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். மதுரவாயல் பக்கத்துக் குண்டு குழியில் குலுங்கின பிறகு, வீட்டில் இறுக்கிய இறுக்கம் அப்படியே இருக்காது. டிரைவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். டேங்கில் பெட்ரோல் கொஞ்சமாக இருப்பது நல்லது. மே மாதத்தில் அந்தத் தகரப் பெட்டிக்குள் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கதவைத் திறந்ததும் ஆவி வெளியேறக் கொஞ்சம் விட்டு உள்ளே ஏறுங்கள், பீடி சிகரெட் பக்கத்திலேயே வேண்டாம். பைக்கைப் பிடித்துக்கொள்ள என்று ஆளை உள்ளே உட்கார வைத்துக் கதவை மூடுகிற வேலை அறவே கூடாது.

இறக்குவதுதான் ஏற்றுவதைவிடக் கஷ்டம். சாய்வாக வைத்த பலகையில் பின்னோக்கி இறங்கும்போது எடை முழுவதும் பின்சக்கரத்தில் இருக்கும், முன் பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கிக்கொண்டே வரும். இன்ஜினை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடித்தால் அதுவே பின் பிரேக் மாதிரி வேலை செய்யும். பக்கத்துக்கு ஒருவர் நிற்கட்டும், பைக்குக்கு நேர் பின்னால் யாரும் நிற்க வேண்டாம்.

ஏற்றிக்கொண்டு போகும்போது அடிபட்டால் இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு ஆகும் சேதம்) உள்ள வழக்கமான பாலிசியில், வண்டியைச் சாலை வழியாகவோ ரயிலிலோ கொண்டுபோகும்போது ஏற்படும் சேதமும் அடங்கும். அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமான வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் கிடையாது. ட்ராக்கில் ரேஸ் ஓட்டும்போது விழுந்தால் எதிலும் கிடையாது. அதனால் ஏற்றும் முன் நான்கு பக்கமும் போட்டோ, கட்டி முடித்ததும் ஒரு போட்டோ, கதவைத் திறந்ததும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.