பொய்யே வராதவன் புளுகுகிறான்

ஒரு மாயாஜாலக் காதல் நாவல் படித்தேன். அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுக்கதைகளில் வரும் ஃபே என்ற மாய இனத்தாரைப் பற்றியது. நாற்பதாம் பக்கத்தில் நாவலே சொல்கிறது, ஃபே இனத்தாரால் பொய் சொல்ல முடியாது என்று. கொட்டை எழுத்தில் போடாத குறைதான். முக்கால் நாவல் தாண்டியதும் அதே இனத்து இளவரசன் நாயகியின் முகத்துக்கு நேரே, "உன் தங்கை செத்துப்போய்விட்டாள், நானே பார்த்தேன்" என்று கூசாமல் புளுகுகிறான். இரண்டு அத்தியாயம் கழித்துத் தங்கைக்காரி குத்துக்கல் மாதிரி வந்து நிற்கிறாள். சரி, இப்போதாவது யாராவது "ஏல, உனக்குத்தான் பொய்யே வராதே?" என்று கேட்பார்கள் என்று பார்த்தால், ம்ஹூம், முத்தக்காட்சி வந்துவிடுகிறது.

இந்த மாதிரிக் கதைகளில் ஃபே இனத்தாரைக் கண்டு பயப்படுவதே அதனால்தானே? பொய் சொல்ல மாட்டான், ஆனால் உண்மையை வைத்தே ஆளைக் கவிழ்ப்பான். கொடுத்த வாக்கை மீற மாட்டான், ஆனால் அந்த வாக்கில் நாம் கவனிக்காமல் விட்ட சந்து வழியாக உள்ளே வந்துவிடுவான். அதை எழுத மண்டையைக் கசக்க வேண்டும். யார் கசக்குவது?

இரும்பு விஷயம் இன்னும் மோசம். ஃபே இனத்தாருக்கு இரும்பு ஆகாது என்பது நம்பிக்கை. அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம், அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் இனத்து மாற்றுப்பிள்ளையை வைத்துவிடுவார்கள் என்று பயந்து தொட்டிலுக்குக் குறுக்கே இரும்பு இடுக்கியை வைப்பார்கள். எங்கள் ஆச்சி பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் பாக்குவெட்டியை வைத்ததும், ராத்திரியில் கறிக்குழம்பு கொடுத்து அனுப்பும்போது தூக்குவாளி மூடிமேல் கரித்துண்டும் ஆணியும் வைத்ததும் இதே பயத்தில்தான். திருநெல்வேலிக்காரனுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம். நாவலில் முதலில் ஒரு ஆணி பட்டதற்கே இளவரசன் தோல் கொப்பளிக்கிறது, கிளைமாக்ஸில் இரும்புச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து அறுக்கிறான். காரணம்? காதலாம்.

1895-ல் அயர்லாந்தின் டிப்பரரியில் பிரிஜெட் கிளியரி என்ற பெண்ணை, இவள் என் பெண்டாட்டியே இல்லை, ஃபே இனத்தார் மாற்றிவைத்த ஆள் என்று சொல்லிப் புருஷனே எரித்தான். மனிதர்களை அந்த அளவுக்குப் பிடித்து ஆட்டிய நம்பிக்கை அது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, வயது ஐநூறு, பார்க்க இருபத்தைந்து, சிக்ஸ் பேக், சோகமான பச்சைக் கண் என்று கல்யாண புரோக்கர் கொண்டுவரும் மாப்பிள்ளை ஃபோட்டோவாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் படைப்பில் ஒன்று குறைந்தால் சாமியாடி என்ன ஆட்டம் ஆடுவார் என்று இவர்கள் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். மாடனிடம் கண்ணடித்துவிட்டு யாரும் தப்பித்துப் போக முடியாது.

இதைப் படிக்கச் சொன்னதே என் அத்தை மகள்தான். "லாஜிக் பாக்காதீங்க அத்தான், அந்த இளவரசனுக்காகப் படிங்க" என்கிறாள். அவனைத்தான் நான் அத்தியாயத்துக்கு அத்தியாயம் திட்டிக்கொண்டிருக்கிறேன்! கடைசிப் பக்கத்தில் வேறு அவன் வாளைப் பாதி உருவியபடி நிற்க, 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள். இரண்டாம் பாகம் அறுநூறு ரூபாயாம். அவளே வாங்கிக்கொள்ளட்டும்.