எட்டுப் பேர் அமரலாமாம்!

கொல்லைப்புறத்தில் போட ஒரு பிக்னிக் மேசை வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். மேலே நாலைந்து பலகை, இரண்டு பக்கமும் உட்கார ஒவ்வொரு பெஞ்சு, தாங்குவதற்குக் கொஞ்சம் சட்டங்கள். கை தேர்ந்த தச்சர் ஒரே பகலில் அறுத்துப் பூட்டிவிடக்கூடிய பொருள் இது. இதை விற்பதற்கு இத்தனை பொய்யும் புரட்டும் எதற்கு?

முதல் பொய் விளம்பரத்தின் தலைப்பிலேயே தொடங்குகிறது. ஆறடி மேசை, எட்டுப் பேர் தாராளமாக அமரலாம். தாராளமாக! ஆறடி என்றால் 72 அங்குலம். ஒரு பக்கத்துக்கு நான்கு பேர் என்றால் ஆளுக்கு 18 அங்குலம். நன்றாக வளர்ந்த ஓர் ஆணின் தோள் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். அப்படியானால் நான்கு பேரும் அடுக்கிவைத்த செங்கல் போல உட்கார்ந்திருக்கலாம். கையை அசைக்கத்தான் முடியாது. முழங்கை இடிக்காமல் சாப்பிட ஒருவருக்கு 24 அங்குலம் வேண்டும் என்பது மேசை செய்கிற எவருக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கில் ஆறடி மேசையில் ஆறு பேர்தான் உட்கார முடியும். அதிலும் சாய்வாகக் குறுக்கே போகும் கால்கள் ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி இருப்பதால், கடைக்கோடியில் உட்காருபவர் அந்தச் சட்டத்துக்கு இரு பக்கமும் காலைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். விளம்பரப் படத்தைப் பாருங்கள்: அதில் மனிதர்களே இருக்க மாட்டார்கள். இருந்தாலும் இரண்டு சிறு பிள்ளைகள் இருப்பார்கள். என் உடம்பு வாகில் ஓர் ஆளை அந்தப் பெஞ்சில் உட்கார வைத்துப் படம் எடுக்க ஒருவருக்கும் துணிவில்லை.

அளவு விவரங்களையாவது ஒழுங்காகத் தருகிறார்களா? மேசை வந்து சேரும் பெட்டியின் நீளம், அகலம், உயரம், எடை எல்லாம் அரை அங்குலம் பிசகாமல் இருக்கின்றன. பெஞ்சு தரையிலிருந்து எவ்வளவு உயரம், மேசை எவ்வளவு உயரம், இரண்டுக்கும் நடுவே தொடை நுழைய எவ்வளவு இடைவெளி என்று தேடினால் ஒன்றும் இல்லை. நான் என்ன பெட்டியின் மேலா உட்காரப் போகிறேன்? பெஞ்சு 17 அல்லது 18 அங்குலம், மேசை 28 முதல் 30 அங்குலம். பெரியவர்கள் உட்கார இதுதான் வசதியான அளவு. இந்த இரண்டு எண்களை எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைத்தான் எழுத மாட்டார்கள். விற்பனையாளரிடமே கேட்டேன். ‘படத்தில் உள்ளபடியே இருக்கும்’ என்று பதில் வந்தது.

மேசையோடு சேர்த்துப் பூட்டிய பெஞ்சைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பெஞ்சை இழுக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் ஒரே இடைவெளிதான். உட்கார வேண்டுமானால் ஒரு காலைத் தூக்கி உள்ளே போட்டு, சமாளித்து நின்று, மறு காலையும் தூக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மாவை, புடவையோடு, இப்படி ஏறித் தாண்டச் சொல்ல முடியுமா? சக்கர நாற்காலியில் வருபவருக்கோ இடமே கிடையாது. மேற்பலகையை ஒரு முனையில் மேசைக் காலைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிவிட்டு, அடியில் முழங்கால் நுழைய 27 அங்குல உயரம் விட்டால் அவரும் எல்லோரோடும் சேர்ந்து உட்காரலாம். இரண்டு பலகைகளை நீட்டுகிற வேலை. அதையும் செய்ய மாட்டார்கள்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. எடை குறைந்த மேசையில் இரண்டு பேர் ஒரே பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழும்பும். தரையைத் தொடும் கால் பெஞ்சுக்கு நேர் கீழ்வரை நீண்டிருந்தால் இந்த வம்பே இல்லை. மரத்தை மிச்சம் பிடிக்கக் காலைக் குறுக்கிவிட்டு, பூட்டும் முறையைச் சொல்லும் தாளின் கடைசி மூலையில், எறும்பு எழுத்தில், ‘இரு பக்கமும் சமமாக அமரவும்’ என்று அச்சிட்டு விடுகிறார்கள். தராசா விற்கிறீர்கள்?

சரி, என்ன மரம்? ‘உயர்தர திட மரம்.’ எந்த உயர்தரம்? எந்த மரம்? ‘தேக்கு நிறம்’ என்று போட்டிருப்பதைக் கண் அவசரத்தில் ‘தேக்கு மரம்’ என்று படித்துவிட வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. உண்மையான தேக்கே ஆனாலும் நடுவே வைரம் பாய்ந்த பகுதிதான் ஈரத்தையும் பூச்சியையும் தாங்கும். அதைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதி எந்த மரத்தில் இருந்தாலும் உளுத்துத்தான் போகும். அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. வெயில் பட்டுத் தேக்கு சாம்பல் நிறமாவது வெறும் மேற்பரப்பு மாற்றம், மரத்தின் பலத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதைக் காட்டிப் பயமுறுத்தி எண்ணெய் விற்க மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

உளுக்காமல் இருக்க மருந்தேற்றிய பைன் மரம் என்றால் திருகாணி எப்படிப்பட்டது என்று கேட்க வேண்டும். முன்பு இந்த மரங்களுக்கு ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றினார்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதை 2003 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த செம்பு கலந்த மருந்துகள் சாதாரண இரும்பை இன்னும் வேகமாக அரிக்கும். அதனால் துத்தநாகத்தில் முக்கி எடுத்த போல்ட்டோ, துருப்பிடிக்காத எஃகோ கட்டாயம் வேண்டும். பெட்டிக்குள் என்ன வருகிறது? பளபளவென்று மின்னும் மெல்லிய முலாம் பூசிய திருகாணிகள், அவற்றை முடுக்க ஒரு சின்னச் சாவி. மரம் நிற்கும், மறை கழன்று மேசை ஆடும்.

உச்சக்கட்டம் இதுதான். மேலே கொட்டை எழுத்தில் ‘எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது’. கீழே பராமரிப்புக் குறிப்பில் ‘மழையிலும் நேரடி வெயிலிலும் வைக்க வேண்டாம்’. வெயிலும் மழையும் இல்லாத தோட்டம் எங்கே இருக்கிறது? உறை போட்டு மூடச் சொல்கிறார்கள். காற்றுப் புகாத உறைக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் அது நம் தவறாம்.

பிளாஸ்டிக் பலகை மேசை உளுக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவில் தாங்கல் இல்லாமல் நீளமாகப் போட்டால் நாளடைவில் தொய்ந்துவிடும். அடர் நிறமாக இருந்தால் உச்சி வெயிலில் உட்கார முடியாது. இரும்பு அதைவிடச் சூடு. கான்கிரீட் மேசையைப் போட்ட இடத்திலிருந்து நகர்த்த ஆள்படை வேண்டும்.

குடை செருக நடுவில் ஓர் ஓட்டை விட்டிருப்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஓட்டையின் விட்டம்? இல்லை. குடைக் கம்பு ஒன்றரை அங்குலத்திலும் வருகிறது, இரண்டு அங்குலத்திலும் வருகிறது. கீழே கம்பைப் பிடிக்க ஏதாவது? அதுவும் இல்லை.

போதும். தச்சரிடமே போகிறேன். பெஞ்சு தனி, மேசை தனி. பெஞ்சு 18, மேசை 30, ஆளுக்கு 24 அங்குலம். பலகைகளுக்கு நடுவே தண்ணீர் வடிய இடைவெளி. துருப்பிடிக்காத போல்ட். நிறம் அவர் இஷ்டம்.