ரிசார்ட் இல்லாமல் மாலத்தீவு போக முடியாதா?

"மாலத்தீவில் ரிசார்ட் புக் பண்ணினால்தான் தங்க முடியும், மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டவருக்கு அனுமதியே இல்லை" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு. ஒரு காலத்தில் நிலைமை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது, அதனால்தான் நம்பவும் தோன்றுகிறது. ஆனால் 2009-க்குப் பிறகு உள்ளூர்த் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த அரசு வழிவிட்டது. இன்று மாஃபுஷி, துலுஸ்தூ போன்ற தீவுகளில் நிறைய விடுதிகள் உள்ளன.

தலைநகர் மாலேயிலிருந்து மாஃபுஷி சுமார் 27 கிலோமீட்டர். உள்ளூர்க்காரர்கள் போகும் ஃபெர்ரியிலேயே போகலாம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கட்டணம் ஸ்பீட் போட்டைவிடப் பல மடங்கு குறைவு. ஒரே சிக்கல், வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலான ஃபெர்ரிகள் ஓடாது. அன்று போய் இறங்கினால் ஸ்பீட் போட்தான் கதி. (ஃபெர்ரியில் மெதுவாகக் கடலைப் பார்த்துக்கொண்டே போவதுதான் எனக்குப் பிடிக்கும்.)

இந்தியர்களுக்கு இறங்கியதும் இலவச விசா உண்டு. விடுதி முன்பதிவும் திரும்பும் டிக்கெட்டும் கையில் வேண்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற பயணிகள் விவர இணையப் படிவத்தையும் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது.

அப்புறம், உள்ளூர்த் தீவுகளில் மது கிடையாது. நீச்சல் உடைக்குத் தனியாக ஒதுக்கிய கடற்கரை மட்டும்தான்.