வாடகை கேட்டால் நான் கெட்டவன்

ஐந்தாம் தேதிக்குள் வாடகை என்று கையெழுத்துப் போட்டுத்தான் என் மாடியில் வாடகைக்குக் குடிவந்தார் அவர். பத்தாம் தேதி வரை சத்தமே இல்லை. கேட்டால், "சம்பளம் இன்னும் வரலை சார்." அப்புறம் ஜிபே வேலை செய்யவில்லை, பேங்க் சர்வர் டவுன். அதே போனில் ஆர்டர் போட்ட பிரியாணி மட்டும் தவறாமல் மாடியேறுகிறது. படிக்கட்டில் எதிரே வந்தால் அவர் நிமிர்ந்து நடக்கிறார், நான்தான் தலையைச் சொறிந்துகொண்டு "அந்த வாடகை..." என்று இழுக்கிறேன்.

"மோட்டாரை நிறுத்து, ஃபியூஸைப் பிடுங்கு, தானா வருவான்" என்கிறார் எதிர்வீட்டுக்காரர். 2019 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் அதைத்தான் கூடாது என்கிறது. நியாயம்தான், குழந்தைகள் இருக்கும் வீடு. இரண்டு மாத பாக்கி சேர்ந்து, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், காலி செய்யக் கேட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். நம்ம ஆள் அந்த எல்லையைத் தொடவே மாட்டார். இருபதாம் தேதி பாதி, இருபத்தெட்டாம் தேதி மீதி.

சரி, அடுத்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்போது தாமதத்துக்கு வட்டி என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "என்ன சார், நாம அப்படியா பழகியிருக்கோம்?"