இரண்டு லேப்டாப்பின் ஒலியையும் திறந்து வைத்தால் அது பேக்கப் இல்லை

‘கச்சேரியில் இரண்டு லேப்டாப்பில் ஒரே டிராக்கை (முன்பே பதிவு செய்த பின்னணி இசை) ஓடவிட்டு, இரண்டின் ஒலியையும் மிக்சரில் திறந்தே வைத்தால் போதும், ஒன்று நின்றாலும் யாருக்கும் தெரியாது’ என்று சொல்வதை நம்பி மேடை ஏறாதீர்கள். டிராக் ஓடும் வேகத்தை நிர்ணயிக்கும் உள் கடிகாரம் இரண்டு கருவிகளிலும் ஒன்றல்ல, 10 லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்றாலே நிமிடத்துக்கு 1.2 மில்லிசெகண்ட் விலகும். 5 நிமிடப் பாட்டின் கடைசியில் 6 மில்லிசெகண்ட், சத்தம் குழாய்க்குள் பாடுவது மாதிரி மெலிந்துவிடும். ஒன்று நின்றால் ஒலியும் சட்டென்று குறையும், அதுவும் தெரியும்.

இரண்டும் ஓடட்டும், ஒன்றின் ஒலி மட்டும் வெளியே போகட்டும். ஒரே மிடி பெடலில் (காலால் அழுத்தி லேப்டாப்புக்குக் கட்டளை அனுப்பும் கருவி) இரண்டையும் தொடங்குங்கள், லேப்டாப்புக்கு ஒரு இன்டர்ஃபேஸ் (லேப்டாப்பின் ஒலியை மிக்சருக்குத் தரும் பெட்டி) தனித்தனியாக. நடுவில், ஒன்று நின்றால் தானாகவே மற்றதற்கு மாற்றும் ஆட்டோ ஸ்விட்சர் (ரேடியல் எஸ்டபிள்யூ8 போல): ஒரு சேனலில் விடாமல் ஒரு டோன் (ஒரே சீரான ஒலி) ஓடும், ஸ்பீக்கருக்குப் போகாது, அது அறுந்ததும் அடுத்த லேப்டாப்புக்கு மாறிவிடும். வாங்க வசதி இல்லையா, சரி, மிக்சரில் இரண்டு மியூட் குரூப் (பல சேனல்களை ஒரே பட்டனில் அடைத்துத் திறக்கும் வசதி) போட்டு, கவனமான ஒரு ஆளை உட்கார வையுங்கள்.

அப்புறம் கரண்ட். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் கோயில் திருவிழா என்றால் பாதி நேரம் ஜெனரேட்டர்தான். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது. அடாப்டரில் ஓடும் இன்டர்ஃபேஸுக்கும் ஸ்விட்சருக்கும் கிடையாது, லைன் மாறும் அந்த நொடியில் இரண்டும் சேர்ந்தே அணையும். அவற்றுக்குச் சின்ன யூபிஎஸ் கட்டாயம். சவுண்ட் செக்கில் பாட்டு ஓடும்போதே முதல் லேப்டாப்பின் யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கி, ஒலி அடுத்ததற்கு மாறுகிறதா என்று பாருங்கள்.