மலைப்பழம் 12 ரூபாய் என்றால் கொள்ளையா?

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறுமலை வாழைப்பழம் 12 ரூபாயா, புவிசார் குறியீடு என்று சொல்லிக் கொள்ளையடிக்கிறீர்களா என்று கடைக்கார அம்மாவின் முகத்துக்கு நேரே போனை நீட்டிச் சத்தம் போடுகிறார் ஒரு தம்பி. கீழே அவ்வளவு பேர் கைதட்டுகிறார்கள். கொள்ளை இல்லை தம்பி. அதன் விலையே அதுதான்.

என் அம்மா பிறந்த ஊர் சிறுமலை. மாமா தோட்டத்தில் காப்பிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவே, மழையை நம்பி நிற்கிற வாழை அது. காட்டுமாடு மிதித்தது போக மிச்சம்தான் கைக்கு வரும். வண்டி போகாத தோட்டத்திலிருந்து குதிரை முதுகில் தார் ஏற்றி ரோட்டுக்கு வந்து, 18 கொண்டை ஊசி வளைவு இறங்கினால்தான் திண்டுக்கல். 1970களில் முடிக்கொத்து என்கிற வைரஸ் நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்தது. அதையெல்லாம் தாண்டித்தான் 2008-09ல் சிறுமலைப் பழத்துக்கும், பழனி மலைப் பக்கத்து விருப்பாச்சிப் பழத்துக்கும், இந்த மண்ணில் விளைந்தது என்று சட்டப்படி சொல்கிற அந்தப் புவிசார் குறியீடு கிடைத்தது. 12 ரூபாய் அதிகமே இல்லை.

"அந்தப் பணம் விவசாயிக்கா போகிறது?" என்பீர்கள். சரி, முழுசாகப் போகவில்லை. பழத்துக்குக் குறியீடு வாங்கினால் மட்டும் போதாது, அதைப் போட்டு விற்க ஒவ்வொரு விவசாயியும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். நிறையப் பேர் பதியவில்லை. அதற்காக விலையை இறக்கினால் முதல் அடி யாருக்கு விழும்? அதே விவசாயிக்குத்தான்.

"ஏழை எப்படி வாங்குவான்?" பூவன் இருக்கிறது, நாட்டுப்பழம் இருக்கிறது. அவையும் நல்ல பழம்தான்.

விலையைக்கூட விடுங்கள். மலைப்பழத்துக்கு ஈரப்பதம் குறைவு. தோல் கருத்துச் சுருங்கும், உள்ளே கெடாது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சிப் பழத்தைத் தேடுவதே அதனால்தான். சென்னையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மாமா ஆசையாக இரண்டு சீப்பு எடுத்துப் போனார். அழுகிவிட்டது என்று அதைக் கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டார்கள். கூடத்து மேசையில் ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டு ஆப்பிள். அதன் விலையை யாரும் கேட்கவில்லை. மாமா சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். இப்போது அந்த வீடியோவைப் பார்க்கும்போது அவர் முகம்தான் ஞாபகம் வருகிறது.

கோபம் வந்தால், வேறு பழத்தை மலைப்பழம் என்று கூவி விற்கிறவர்களிடம் காட்டுங்கள். எந்தத் தோட்டத்துத் தார் என்று கேளுங்கள். கேட்ட பிறகும் 12 ரூபாய் கொடுக்க மனசு வரவில்லையா, வாங்காதீர்கள். அந்த அம்மாவை வீடியோ எடுக்காதீர்கள்.