முழுநிலாக் கொண்டாட்டமும் தொலைந்த சாவியும்

தாய்லாந்தின் கோ பாங்கன் தீவில், ஹாட் ரின் கடற்கரையில் நடக்கும் முழுநிலாக் கொண்டாட்டத்துக்கு நண்பனோடு முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், அறைச் சாவியை எக்காரணம் கொண்டும் அவனிடம் கொடுத்துவிடக் கூடாது. குழந்தைகள் மணலில் விளையாடும் பிளாஸ்டிக் வாளியில் ரம், சோடா, ஊக்கபானம் எல்லாவற்றையும் கலந்து, நாலைந்து ஸ்ட்ராக்களைச் செருகி விற்கிறார்கள். அதைக் கையில் வாங்கியதுமே என் நண்பனுக்குக் கடற்கரையில் நின்ற அத்தனை பேரும் உறவாகிவிட்டார்கள், என்னைத் தவிர.

தீப்பற்றி எரியும் கயிற்றைத் தாண்டிக் குதித்த கூட்டத்தில்தான் அவனைக் கடைசியாகப் பார்த்தேன். ஒளிரும் சாயம் பூசிய ஆயிரக்கணக்கான முகங்களுக்கு நடுவே ஒருவனை எப்படித் தேடுவது? கைப்பேசி நனைந்துவிடும், அறையிலேயே வைத்துவிட்டு வா என்று சொன்னவனும் அவனேதான். பௌர்ணமி பௌத்தத் திருநாளோடு சேர்ந்து வந்தால் கொண்டாட்டத்தின் தேதியையே தள்ளிவைக்கும் தீவு அது. இவனுக்கோ ஆட்டத்தைப் பத்து நிமிடம் தள்ளிவைத்துச் சாவியைக் கொடுக்க மனம் வரவில்லை.

விடிந்தபின், முன்பின் தெரியாத ஒருவரின் தோளில் கைபோட்டபடி வந்து, "எங்கேடா போய்த் தொலைந்தாய், இரவெல்லாம் உன்னைத் தேடினேன்" என்று என்னையே அதட்டுகிறான்! சாவி அவன் சட்டைப்பையிலும் இல்லை. அதற்கான அபராதத்தைக் கட்டியதும், படகுத்துறை வரை அவன் பையையும் சேர்த்துச் சுமந்ததும் நான்தான்.